ஐம்பது வயது டாட்சன்: மெருகேற்றி விற்பதா, உள்ளபடி விற்பதா?

சிங்கப்பூரின் யீஷுனில் வசிக்கும் 63 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கத்தைத் தருகிறேன்.

அவரிடம் 1972ல் பதிவான டாட்சன் 240இசட் இருக்கிறது. 1991ல் வாங்கினார். இப்போது அது பழங்காலக் கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் ஓடுகிறது. உடம்பில் கைவைக்கவே இல்லை. "பானெட் வெயிலில் வெளுத்து பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது, டேஷ்போர்டில் மூன்று வெடிப்பு, ஆனால் ஓர் இடத்திலும் புட்டி (பள்ளம் அடைக்கும் பூச்சு) கிடையாது" என்று பெருமையோடு எழுதுகிறார். உள்ளே மட்டும் நிறைய மாறியிருக்கிறது. 280இசட்எக்ஸ் காரிலிருந்து எடுத்த எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கருவி), அலுமினிய ரேடியேட்டர், மின்விசிறி, முன் சக்கரங்களுக்கு டொயோட்டா ஹைலக்ஸின் நான்கு பிஸ்டன் பிரேக் காலிப்பர் எல்லாம் ஏறியிருக்கின்றன. 2009ல் அவருடைய மெக்கானிக் 2.4 லிட்டர் எல்24 என்ஜினை இறக்கிவிட்டு 2.8 லிட்டர் எல்28 என்ஜினை ஏற்றியிருக்கிறார். பில்லில் "என்ஜின் ஓவர்ஹால்" என்று ஒரே வரி. அந்த மெக்கானிக் இப்போது உயிரோடு இல்லை. இறக்கிய என்ஜின் வாசகரின் தம்பி நடத்தும் காக்கி புக்கிட் கிடங்கில் தார்ப்பாயில் சுற்றிக் கிடக்கிறது.

முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. மெல்பர்னில் இருக்கும் மகள் "எனக்கு வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டார். எனவே விற்க வேண்டும். மூன்று பேர் கேட்கிறார்கள். ஒரு பட்டறைக்காரர், 40,000 வெள்ளி செலவில் முழுசாகப் புதுப்பித்துத் தன் கடையிலேயே வைத்து 180,000 வெள்ளிக்கு விற்றுத் தருவதாகச் சொல்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர் 120,000 வெள்ளி தரத் தயார், ஆனால் கார் 'மேட்சிங் நம்பர்ஸ்', அதாவது கம்பெனியிலிருந்து வந்த அதே என்ஜினோடு இருக்கிறது என்று மின்னஞ்சலில் உறுதி கேட்கிறார். மூன்றாமவர் பழக்கமான இளைஞர். 90,000 வெள்ளியை மூன்று தவணையில் தருவதாகச் சொல்லி, 2,000 வெள்ளியை பேநவ்வில் அனுப்பியும்விட்டார். அவருக்கு நம் வாசகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில்: "சின்னச் சின்ன அப்கிரேடு செஞ்சிருக்கேன், மத்தபடி எல்லாம் ஒரிஜினல்தான் தம்பி."

"தனியாள் விற்பனைதானே, 'இருக்கிற நிலையில் அப்படியே விற்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு யாரும் என்னைக் கேட்க முடியாது அல்லவா?" என்று முடிக்கிறார்.

அன்புள்ள ஐயா,

யாருக்கு விற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன பொருளை விற்கிறோம் என்பதை நீங்கள் முதலில் தெளிவாக்கிக்கொண்டால் அதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். இப்போதைய நிலையில் உங்கள் காரைப் பற்றி நான்கு இடத்தில் நான்கு விதமாக எழுதியிருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் ஒன்று, பில்லில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, என்ஜின் ப்ளாக்கில் வேறொன்று. இந்த நான்கும் ஒன்றாகும்வரை யாரிடமும் பணம் வாங்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனையின் சாரம். மற்றதெல்லாம் அதைச் செய்யும் வழி.

முதலில் என்ஜின்

ஆண்டுதோறும் ஆய்வில் தேறியதால் என்ஜின் மாற்றம் சட்டப்படி சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை ஐயா. வாகனங்களில் செய்யும் மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்று வகையாகப் பிரிக்கிறது: ஒப்புதல் இல்லாமலே செய்யக்கூடியவை, ஒப்புதல் பெற்றுச் செய்ய வேண்டியவை, அறவே கூடாதவை. என்ஜின் மாற்றம் இரண்டாவது வகை. மாற்றினால் புதிய எண் பதிவில் ஏற வேண்டும். ஆய்வாளர் கண்ணில் படாமல் போனது ஒப்புதல் ஆகாது. அனுமதியில்லாத மாற்றத்தோடு காரைச் சாலையில் ஓட்டுவது குற்றம், அது எத்தனை வருஷம் பழசானாலும்.

எல்24, எல்28 இரண்டும் ஒரே குடும்பத்து என்ஜின்கள். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதே தாங்கிகளில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை. ஆனால் விஷயம் தெரிந்தவர் பானெட்டைத் திறந்தால் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ப்ளாக்கின் வலப்பக்கம், பின்கோடியில், ஆறாவது சிலிண்டருக்கு அருகே எண் குத்தியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை ஒரு துணியால் துடைத்தால் எண்ணுக்கு முன்னால் எல்28 என்று வரும். அதே என்ஜின் அறையில் கம்பெனி அடித்த தகட்டில் 2393 சிசி என்று இருக்கும். ஏற்றிய என்ஜினோ 2753 சிசி. இங்கிலாந்துக்காரர் கேட்கிற 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பது இந்த இரண்டு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.

இதற்காகப் பதறிக்கொண்டு நாளையே காரை எடுத்துக்கொண்டு சின் மிங் டிரைவில் இருக்கும் ஆணைய அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள். பழைய என்ஜினைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்கள் பாருங்கள், அதுதான் இந்த விவகாரத்தில் உங்களுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். உங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. எல்28க்கு ஒப்புதல் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, தவிர, அனுமதியில்லாமல் மாற்றியதை விண்ணப்பத்திலேயே ஒப்புக்கொள்கிறீர்கள். அல்லது எல்24ஐத் திரும்ப ஏற்றி, ஆய்வுக்கு விட்டு, காரும் பதிவும் பொருந்தும்படி செய்யலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்த என்ஜின் என்பதால் சீல், கேஸ்கெட் எல்லாம் மாற்ற வேண்டிவரும், செலவு இருக்கிறது. ஆனாலும் பட்டறைக்காரர் சொல்லும் 40,000 வெள்ளியை பெயிண்டில் கொட்டுவதைவிட இந்தச் செலவு உங்களுக்கு நேரடியாக உதவும். எந்த வழியானாலும் ஆணையத்துக்கு எழுதும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கடந்தகாலத்தில் ஓட்டியதை எப்படிச் சொல்வது என்பது ஒரு பத்திரிகைப் பதிலில் தீர்கிற விஷயமில்லை.

அதுவரை கார் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. காப்புறுதி நிறுவனத்துக்கு 2.8 லிட்டர் என்ஜினைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால், ஒரு விபத்து நடந்த பிறகுதான் பாலிசியின் சின்ன எழுத்துகளை அவர்கள் உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். வாங்க வருகிறவர் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா அங்கிள்?" என்று கேட்டாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். கார் நிறுத்துமிடத்திலேயே ஸ்டார்ட் செய்து காட்டினால் போதும்.

'அப்படியே விற்கிறேன்' என்ற வரி

தனியாள் விற்பனைக்கும் கடை விற்பனைக்கும் சட்டம் வேறுபாடு காட்டுகிறது என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அது தொழிலாக விற்பவர்களுக்கு மட்டும். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' என்கிறார்களே, பழுதான பொருளைச் சரிசெய்தோ மாற்றியோ தரவைப்பது, அதுவும் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில்தான். ஆகவே நாளை கியர்பாக்ஸ் முனகினால், டேஷ்போர்டில் நான்காவது வெடிப்பு விழுந்தால், அது வாங்கியவர் பாடு.

13ஆம் பிரிவோ எல்லோருக்கும் பொருந்தும். வர்ணித்து விற்றால், கொடுக்கும் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும், விற்பவர் தனியாளானாலும் சரி. தவறான கூற்று தொடர்பான சட்டம் இதற்கு மேல் ஒரு படி போகிறது. நீங்கள் சொன்ன ஒரு தகவலை நம்பி ஒருவர் ஒப்பந்தம் செய்து, அது பொய்யாகி அவருக்கு நட்டம் வந்தால், அது உண்மை என்று நம்ப உங்களுக்குத் தக்க காரணம் இருந்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த வாசல் அடைத்துவிட்டது. என்ஜின் மாறியது உங்களுக்கே தெரியும், இப்போது எனக்கும் எழுதிவிட்டீர்கள். 'அப்படியே விற்கிறேன்' என்ற வரி காரின் பழுதுகளுக்குக் குடை பிடிக்கலாம், நீங்கள் சொன்ன பொய்க்குப் பிடிக்காது. பொறுப்பிலிருந்து நழுவ எழுதும் வரிகள் நியாயமானவையா என்று நீதிமன்றம் பார்க்கும். தெரிந்தே சொன்ன பொய்யை எந்த வரியாலும் மூட முடியாது.

தெரிந்தே பொய் சொல்லிப் பணம் வாங்கினால் விஷயம் சிவில் வழக்கோடு நிற்காது, ஏமாற்றுக் குற்றமாகும். நம் ஆட்கள் 'ஃபோர் ட்வென்டி' என்று திட்டுவார்களே, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்திலும் அந்தப் பிரிவுக்கு அதே எண்தான். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது, ஆனால் இங்கிலாந்துக்காரர் கேட்ட மின்னஞ்சலை இன்றைய நிலையில் அனுப்பினால் எழுத்தில் அந்தப் பிரிவைத் தொட்டுவிடுவீர்கள்.

சும்மா இருந்துவிட்டால்? விற்பவர் எல்லாக் குறையையும் தாமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பாதியைச் சொல்லி மீதியை மறைப்பதும் பொய்தான். டிஸ்ட்ரிபியூட்டர், ரேடியேட்டர், காலிப்பர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு என்ஜினில் மட்டும் வாயை மூடிக்கொண்டால், கேட்பவர் என்ஜின் மாறவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வாக்கியத்தையும் கவனித்தேன். முந்தைய உரிமையாளர் இந்தக் காரை அப்பர் தாம்சன் சாலைப் பந்தயத்தில் ஓட்டியதாகச் சொன்னார் என்றும், விளம்பரத்தில் அதைப் போட்டால் விலை ஏறும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏறும்தான். அந்தச் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்தது, 240இசட்டோ 1971லும் 1973லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்ற கார். இப்படிப்பட்ட கதைக்குக் காசு கொடுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஆதாரம் கேட்பார்கள். பந்தயப் பட்டியலோ, அன்றைய புகைப்படமோ, பதிவெண் தெரியும் செய்தித்தாள் நறுக்கோ கையில் இல்லாமல் அதை உண்மையாக எழுதாதீர்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால், "முந்தைய உரிமையாளர் 1991ல் என்னிடம் சொன்னது, என்னிடம் ஆதாரம் இல்லை" என்று எழுதுங்கள். பயண தூரத்துக்கும் அப்படித்தான். நீங்கள் வாங்கிய அன்று மீட்டரில் என்ன இருந்தது என்பதற்கு மட்டும்தான் நீங்கள் சாட்சி.

புதுப்பித்தல் பற்றி

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பழைய கார் விற்பனைச் சண்டைகள் எதில் தொடங்கும் என்று தெரியும்: புது பெயிண்டுக்கு அடியில். இந்த மாடலின் தீராத வியாதி துரு. பேட்டரித் தட்டுக்குக் கீழே, தரைத்தகட்டில், அடியில் ஓடும் இரும்புச் சட்டகங்களில், பின்சக்கர வளைவு கதவைச் சந்திக்கும் மூலையில் பிடிக்கும். வாங்க வருகிறவர்கள் காந்தமும் பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பழைய பெயிண்ட் இருக்கும்வரை, துரு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். மேலே புதிதாக அடித்துவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் வாய்ச்சொல்தான் சாட்சி. புட்டியே படாத காரை வைத்துக்கொண்டு, புட்டி இருக்குமோ என்று சந்தேகிக்க வைக்கும் காராக மாற்ற எதற்கு 40,000 வெள்ளி?

பழைய கார்ச் சந்தையில் கைபடாத கார் என்பதற்கே தனி மதிப்பு வந்துவிட்டது. ஒரு காரைப் புதுப்பிக்க எத்தனை முறையும் முடியும், கம்பெனி பெயிண்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது. வெளுத்த பானெட்டை அப்படியே விடுங்கள்.

நீங்கள் செய்த மற்ற மாற்றங்களைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லை. நம் ஊர் வெயிலில் நெரிசலில் நிற்கும் காருக்கு நல்ல ரேடியேட்டரும் மின்விசிறியும் அவசியம். பாயிண்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரோடு மல்லுக்கட்டியவர்கள் எலக்ட்ரானிக் ஒன்றைக் குறை சொல்ல மாட்டார்கள். போல்ட்டைக் கழற்றினால் பழையதைத் திரும்ப மாட்டலாம் என்ற நிலையில் இருக்கும் மாற்றம், சேகரிப்பாளர் கண்ணுக்குப் பெரிய குற்றமில்லை. ஆனால் கழற்றியது கையில் இருக்க வேண்டும். காலிப்பரும் ரேடியேட்டரும் மேலே சொன்ன மூன்று வகையில் எங்கே விழுகின்றன என்பதையும் வழக்கறிஞரிடம் போகும்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று பேர்

பட்டறைக்காரர் சொல்வதில் 180,000 வெள்ளி அவர் வாயில் இருக்கும் தொகை, 40,000 உங்கள் பையிலிருந்து போகும் தொகை. விற்காமல் போனால் செலவு யாருடையது என்று அவர் சொல்லவில்லை. கூலி பாக்கி இருக்கும்வரை காரைத் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளும் உரிமை பழுதுபார்த்தவருக்குச் சட்டத்தில் உண்டு. அடுத்து, அவர் கடையில் வைத்து விற்கும்போது, இது ஒரு தனியாளின் கார் என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், தெரியப்படுத்த நியாயமான முயற்சியும் நடக்காவிட்டால், நான் மேலே சொன்ன 14ஆம் பிரிவுப் பொறுப்பு உங்கள் தலையிலும் விழும். தனியாள் என்ற பாதுகாப்பைக் கமிஷன் கொடுத்துத் தொலைக்கிறீர்கள். இதைவிட மோசமானது ஒன்று: விற்பதற்காக நீங்களே ஒப்படைத்த காரை அவர் விற்று, பணத்தை உங்களுக்குக் கொடுக்காமல் போனால், நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து காரை மீட்பது கடினம். அந்தப் பட்டறைக்காரர் தங்கமான மனிதராகவே இருக்கலாம், ஆனாலும் அவர் சொன்ன ஏற்பாட்டை நான் ஏற்கச் சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்துக்காரர் தரும் விலை கவர்ச்சியானது. அவர் ஏன் அந்த மின்னஞ்சலுக்கு அவ்வளவு ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று யோசித்தீர்களா? 30 வயது கடந்த, உற்பத்தி நின்றுபோன, அசல் நிலையில் இருக்கும் காரை அங்கே சேகரிப்புப் பொருளாக இறக்குமதி செய்தால் சுங்கம் கிடையாது, 5 விழுக்காடு வாட் வரி மட்டும். அந்தத் தகுதி கிடைக்காவிட்டால் 10 விழுக்காடு சுங்கம், அதற்கு மேல் 20 விழுக்காடு வாட். என்ஜின், பிரேக் போன்றவற்றில் பெரிய மாற்றம் இருந்தால் தகுதி கைநழுவக்கூடும். 120,000 வெள்ளிக் காரில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உங்கள் ஒரு வரியை நம்பி அவர் அங்கே தாக்கல் செய்து, துறைமுகத்தில் மாட்டினால், நட்டக் கணக்கு உங்கள் முகவரிக்கு வரும். எல்24ஐத் திரும்ப ஏற்றி, எண் தகட்டோடு பொருந்துகிறது என்று படமெடுத்து, காலிப்பர் உட்பட மற்ற மாற்றங்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்பினால், அதே மனிதரோடு தாராளமாகப் பேசலாம். ஆனால் 1991க்கு முன்னால் யாராவது என்ஜினை மாற்றியிருந்தால் எல்24 எண்ணும் தகட்டோடு பொருந்தாது. தார்ப்பாயைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

வெளிநாட்டு விற்பனையில் பணம் முழுவதும் உங்கள் கணக்கில் சேர்ந்து, வங்கியே உறுதி செய்த பிறகுதான் இங்கே பதிவை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்த காரை மறுபடி சாலையில் இறக்க முடியாது. "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைக் கப்பல் கம்பெனிக்குக் கட்டிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். அது மோசடிக்காரர்களின் பழைய பாட்டு.

இளைஞர் தருவது குறைந்த விலை. ஆனால் மூன்றில் குறைவான சிக்கலும் அங்கேதான், தவணை ஒன்றைத் தவிர. முழுப் பணமும் வரும்முன் பெயரை மாற்றினால் பதிவு உரிமையாளர் அவர், மீதிக்காக நீங்கள் பின்னால் அலைவீர்கள். பெயரை மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்தால் சம்மனும் அபராதமும் உங்கள் பெயருக்கு வரும், விபத்து என்றால் கேட்கவே வேண்டாம். அவர் கையில் கார் இருக்கும்போது வேறொருவருக்கு விற்றுவிட்டால் சட்டம் அந்த மூன்றாம் ஆளின் பக்கம் சாயவும் கூடும். தவணை வேண்டுமென்றால் அப்படியே கட்டட்டும், ஆனால் கடைசித் தவணைவரை காரும் சாவியும் உங்களிடமே இருக்கட்டும். அல்லது அவர் எங்காவது கடன் வாங்கி ஒரே தொகையாகத் தரட்டும். இன்னொன்றையும் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: கிளாசிக் திட்டத்துக் காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற கனவில் அவர் இருந்தால் அது இப்போதே கலையட்டும்.

காகிதத்தில்

வீட்டுக் கணினியில் அடித்த ஒரு பக்கம் போதும். கார் விவரமும் தொகையும் எழுதியபின், என்ஜினைத் திரும்ப ஏற்றிய நிலையில் இப்படி ஒரு பத்தி இருக்கட்டும்:

"2009ல் இந்தக் காரில் எல்28 என்ஜின் ஏற்றப்பட்டது. அசல் எல்24 என்ஜின் (எண் இன்னது) இன்ன தேதியில் திரும்ப ஏற்றப்பட்டது, பதிவு விவரத்தோடு பொருந்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர், ரேடியேட்டர், மின்விசிறி, முன் காலிப்பர்கள் ஆகியவை அசல் அல்ல. கழற்றிய பாகங்களில் என்னிடம் இருப்பவை பின்வரும் பட்டியலில் உள்ளன, காரோடு தரப்படும். பெயிண்டும் உள் அலங்காரமும் 1991க்குப் பிறகு மாற்றப்படவில்லை, அதற்கு முந்தைய நிலை எனக்குத் தெரியாது. வாங்குபவர் காரை நேரில் பார்த்து, விரும்பினால் தன் மெக்கானிக்கைக் கொண்டும் பார்த்து, இந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறார்."

கடைசி வாக்கியம்தான் நீங்கள் கேட்ட 'அப்படியே' வரி. மேலே உள்ளவை உண்மையாக இருந்தால் இந்த வரிக்குப் பலம் உண்டு. இருவரும் அதில் கையெழுத்திட்டு, அடிப்பகுதியின் படங்களையும் இணையுங்கள். துரு தெரியும் படங்களை ஒளிக்காதீர்கள், பின்னால் உங்களைக் காப்பாற்றப் போவது அவைதான். பெயர் மாற்றத்தை இருவரும் சிங்பாஸ் வழியே இணையத்தில் முடித்துவிடலாம்.

சண்டை வந்தால் எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தின் வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. உங்கள் தொகைக்கு மாவட்ட நீதிமன்றம்தான், அங்கே வழக்கறிஞர் செலவே ஒரு என்ஜின் விலைக்கு வரும். ஒப்பந்த வழக்குக்குக் கெடு ஆறு ஆண்டு, அதனால் அந்தக் காகிதத்தை அத்தனை காலமும் பத்திரமாக வையுங்கள். வருமான வரி பற்றிய கவலை வேண்டாம். கார் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்யாத ஒருவர் தன் சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு இங்கே வரி கிடையாது.

வாங்கிவிட்ட 2,000 வெள்ளி

"இன்னும் எழுதிக் கையெழுத்துப் போடவில்லை, ஆகவே இளைஞரோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை" என்கிறீர்கள். பொருள் விற்பனைக்கு எழுத்து கட்டாயமில்லை ஐயா. வாய்ச்சொல்லும் போதும், வாட்ஸ்அப்பும் போதும். கார் எது, விலை என்ன, தவணை எத்தனை என்று பேசி முடித்து, முன்பணமும் கைமாறியிருந்தால், ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று அவருடைய வழக்கறிஞர் வாதாட நல்ல இடம் இருக்கிறது. இந்த நிலையில் கூடுதல் விலைக்கு இங்கிலாந்துக்குக் கொடுத்தால் அவர் உங்கள் மீது வழக்குப் போடலாம். மறுபக்கம், "எல்லாம் ஒரிஜினல்தான் தம்பி" என்ற வரியை நம்பித்தான் அவர் பணம் அனுப்பினார் என்றால், ஒப்பந்தத்தை உதறிவிடும் உரிமையும் அவருக்கு இருக்கிறது.

ஆகவே என்ஜின் வேலை, ஆணையம், இங்கிலாந்து எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. அந்த இளைஞருக்கு அதே வாட்ஸ்அப்பில், சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்: முன்பு சொன்னது முழுமையாக இல்லை, 2009ல் என்ஜின் மாறியது, பழைய என்ஜின் என்னிடம் இருக்கிறது, அதைத் திரும்ப ஏற்ற உத்தேசித்திருக்கிறேன், இது தெரிந்த பிறகும் வேண்டுமா என்று யோசித்துச் சொல், வேண்டாமென்றால் 2,000 வெள்ளியும் உடனே திரும்பி வரும். அவர் பதிலும் எழுத்தில் வரட்டும். அது வரும்வரை அந்தத் தொகையை எதற்கும் தொடாமல் வைத்திருங்கள், மற்ற இருவரிடமும் "கார் இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள்.